அவையறிதலும் அவையஞ்சாமையும்: இளம்படைப்பாளர் இதழ்களை அணுகும் நெறி

முன்னுரை

நூலை இயற்றி முடிப்பதோடு புலவனின் பணி நிறைவு பெறுவதில்லை. அதனை அவையேற்றி, ஆன்றோர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, அவர்தம் ஒப்புதலைப் பெற்ற பின்னரே நூல் உலகில் வழங்கத் தொடங்கும். இது பழந்தமிழ் மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதை அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் தொடங்கப்பெற்று, அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது.

அத்தகைய அவைகள் இன்று இல்லை. எனினும் அரங்கேற்றம் மறைந்துவிடவில்லை. அச்சு வந்த பின் இதழாசிரியரின் மேசையே அவையாயிற்று. கவிதையும் சிறுகதையும் எழுதும் மாணவர்கள் நம்மிடையே பலர் உளர். எழுதியதை எங்கு அனுப்புவது, எவ்வாறு அனுப்புவது, மறுக்கப்பட்டால் என் செய்வது என்பனவற்றை அவர்க்கு எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. வள்ளுவர் 'அவையறிதல்' என்னும் 72ஆம் அதிகாரத்தை அடுத்து 'அவையஞ்சாமை'யை வைத்தார். படைப்பை இதழுக்கு அனுப்புவோர்க்கு இவ்விரண்டும் இந்த வரிசையிலேயே வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிற்றிதழ் என்னும் அவை

1933இல் தொடங்கிய 'மணிக்கொடி', 1935இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே அமைந்த இதழாயிற்று. புதுமைப்பித்தன், மௌனி போன்றோரின் கதைகளை அது ஏந்தி வந்தது. மிகுதியான விற்பனையை நாடும் இதழ்கள் இடமளிக்கத் தயங்கும் எழுத்துக்குச் சிற்றிதழ்களே புகலிடம் என்பது அன்றே உறுதிப்பட்டது.

1959 சனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1970 வரை நடந்த அவ்விதழ் புதுக்கவிதைக்கு நிலையான களமாயிற்று. அதில் வெளியான கவிதைகளிலிருந்து தேர்ந்து, 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பைச் செல்லப்பா 1962இல் வெளியிட்டார். பின்னாளில் தமிழ்க் கவிதையின் போக்கை மாற்றியவர்களுள் பலர் அதில் இடம்பெற்றிருந்தனர். நூல்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் செல்லப்பா. இதழாசிரியர் என்பவர் பெரும்பாலும் தம் பொருளையும் உடலுழைப்பையும் செலவிட்டு அவை நடத்துபவர் என்பதை அவரது வாழ்வு காட்டும். படைப்பை அனுப்புவோர் முதலில் உணர வேண்டியது இதுவே.

அடுத்து வந்த இதழ்கள் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையவை. டெல்லியிலிருந்து 1965இல் தோன்றிய 'கணையாழி', 1970இல் சென்னையில் எழுந்த 'கசடதபற', 1971இல் கோவையில் பிறந்த 'வானம்பாடி', சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கிய 'காலச்சுவடு' ஆகியவற்றின் நோக்கங்கள் வேறு வேறு. 'வானம்பாடி' விரும்பி ஏற்ற கவிதையைக் 'கசடதபற' ஏற்றிருக்கும் எனக் கூற இயலாது. ஒரே கவிதை ஓர் அவையில் பொன்னாகவும் மற்றோர் அவையில் பித்தளையாகவும் மதிக்கப்படலாம். ஆகவே, அனுப்புமுன் அந்த இதழின் மூன்று இதழ்களையேனும் முழுமையாகப் படித்தல் வேண்டும். இதுவே அவையறிதல். தாம் படித்தறியாத இதழுக்குப் படைப்பை அனுப்புவது, முகவரி எழுதாத கடிதத்தை அஞ்சற்பெட்டியில் இடுவதற்கு ஒப்பாகும்.

தொலைவு தடையன்று

'நகரத்தில் பழக்கம் உடையோர்க்கே இதழ்கள் இடமளிக்கும்' என்னும் எண்ணம் மாணவரிடையே உண்டு. பழக்கத்தின் செல்வாக்கு அறவே இல்லை என்று எவரும் வாதிடார். ஆயினும் வரலாறு வேறு சான்றுகளையும் தருகிறது. 1939இல் இலங்கைத் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராம் என்னும் பிரமிள், 1960 முதல் தம் கவிதைகளை அங்கிருந்தே 'எழுத்து'க்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருக்கும். கடல் கடந்து அஞ்சலில் வந்த அந்தத் தாள்களைச் செல்லப்பா அச்சேற்றினார்.

தோப்பில் முகமது மீரானின் வாழ்வு மற்றொரு சான்று. மலையாள வழியில் கல்வி கற்றவர். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். அவரது 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. 1988இல் அவரே அதனை நூலாக்கினார். அடுத்த பத்தாண்டுக்குள், 1997இல், 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தம் மக்களின் பேச்சை அறிந்த ஓர் இதழ் தமக்குரிய முதல் அவையாக அமையலாம் என்பதை அவர் வழி நாம் அறிகிறோம். கல்லூரி மலரும் அத்தகைய அவைகளுள் ஒன்றே.

அனுப்பும் முறை

முற்காலத்தில் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, ஓரம் விட்டு, தம் முகவரியிட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறையையும் உடன் வைத்து அனுப்புவர். இன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. கருவி மாறினாலும் ஒழுங்கு மாறவில்லை. கருத்திற் கொள்ளத்தக்கன வருமாறு:

1. இதழின் அண்மைய வெளியீட்டில் அச்சிடப்பட்டுள்ள முகவரியையும் படைப்பாளர்க்கான அறிவிப்பையும் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். பழைய முகவரியை நம்பலாகாது.

2. கவிதையாயின் மூன்று முதல் ஐந்து வரை, கதையாயின் ஒன்று. ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்து, ஒரே கோப்பாக அனுப்புக. கைப்பேசியில் எடுத்த நோட்டுப்பக்கப் படங்களைத் தவிர்க்க.

3. உடன் செல்லும் கடிதம் நான்கு வரிகளுக்கு மேற்படாதிருத்தல் நன்று. பெயர், புனைபெயர், முகவரி, தொலைபேசி எண், 'இப்படைப்பு வேறெங்கும் வெளிவரவில்லை' என்னும் உறுதிமொழி ஆகியவை போதும். படைப்பின் பொருளை விளக்க முற்பட வேண்டா. விளக்கவுரையோடு செல்லும் கவிதை, தன்னால் நிற்க இயலாமையைத் தானே ஒப்புக்கொள்கிறது.

4. சந்திப்பிழை, ஒற்றுப்பிழை, மயங்கொலிப் பிழை ஆகியவற்றை நீக்கிய பின்னரே அனுப்புதல் தமிழ் மாணவர்க்குக் கடமை. வழக்குச் சொற்களை வேண்டுமென்றே ஆளுவது வேறு. பிழைபட எழுதுவது வேறு.

5. ஒரு படைப்பை ஒரே காலத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புதல் தகாது. மூன்று திங்கள் காத்திருக்கலாம். பின் ஒருமுறை பணிவுடன் நினைவூட்டலாம். அதற்கும் விடை வாராதாயின், படைப்பைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தெரிவித்துவிட்டு வேறிதழை நாடலாம்.

6. அனுப்பிய படைப்பு, இதழின் பெயர், நாள், பெற்ற விடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்தல் நலம்.

மறுப்பை ஏற்றல்

இனி அவையஞ்சாமை. படைப்பு திரும்பி வருவது அதன் தீர்ப்பேயன்றிப் படைப்பாளரின் தீர்ப்பு அன்று. பக்கம் போதாமை, அதே பொருளில் வேறொரு கதை முன்பே ஏற்கப்பட்டிருத்தல், இதழின் நோக்கத்தோடு பொருந்தாமை என மறுப்புக்குக் காரணங்கள் பல. படைப்பு இன்னும் கனியாமையும் ஒரு காரணமாகலாம். எது காரணம் என்பதைப் படைப்பாளரே ஆராய வேண்டும். திரும்பி வந்ததை ஒரு வாரம் தொடாமல் வைத்துப் பின்னர் பிறர் எழுத்தைப் படிப்பது போலப் படித்தால், தளர்ந்த இடம் தானே புலப்படும். ஆசிரியர் திருத்தம் கேட்டாரெனின், அது மறுப்பன்று; நாம் எழுதியதை அவர் ஊன்றிப் படித்தார் என்பதற்குச் சான்று. அதங்கோட்டாசான் தடை எழுப்பியதும், தொல்காப்பியர் விடை கூறியதும் பகைமையால் அன்று.

பொருளும் உரிமையும்

பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் இப்பகுதியைக் கருத்துடன் படிக்க வேண்டுகிறேன். சிற்றிதழ்களிற் பல சன்மானம் வழங்கும் நிலையில் இல்லை. அதனைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. ஆனால் படைப்பாளரிடமே கட்டணம் பெற்றுக்கொண்டு, தொகுப்பு நூலில் ஒரு பக்கமும் ஒரு சான்றிதழும் கேடயமும் தருவோர் இந்நாளில் பெருகியுள்ளனர். அங்கே தேர்வு இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் அவையும் இல்லை. பணம் செலுத்தியவர்கள் தவிர அத்தொகுப்பைப் படிப்போரும் அரியர். மாத ஊதியத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர் தரும் பணம் அவ்வாறு செலவாவது வருந்தத்தக்கது. அத்தொகையில் ஈராண்டு இதழ்ச்சந்தா செலுத்தினால் எழுத்து வளரும்; இதழும் வாழும்.

உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரே பொதுவாக அதன் முதல் உரிமையாளர். அவ்வுரிமை அவர் வாழ்நாள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. காலவரை குறிப்பிடப்படாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே பொருந்தும். 'அனைத்து உரிமைகளும் எக்காலத்துக்கும்' என்னும் தொடர் காணப்படும் எந்தத் தாளிலும் ஆசிரியரைக் கலந்தபின் கையொப்பமிடுக.

நூலாக்கம்

ஐந்து கவிதை அச்சேறியவுடன் நூல் வெளியிடும் விரைவு இன்று மிகுதி. 'பசுவய்யா' என்னும் பெயரில் சுந்தர ராமசாமி எழுதிய முதற்கவிதை 1959இல் 'எழுத்'தில் வந்தது. முதற்தொகுப்பான 'நடுநிசி நாய்கள்' 1975இல் வந்தது. இடைவெளி 16 ஆண்டுகள். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த கவிக்கோ அப்துல் ரகுமானின் முதற்கவிதை நூலான 'பால்வீதி' 1974இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 36 கடந்திருந்தது. சிவகங்கையில் கல்லூரித் தமிழாசிரியராக விளங்கிய மீரா நிறுவிய 'அன்னம்', சென்னையில் 1974இல் தோன்றிய 'க்ரியா' போன்ற சிறு பதிப்பகங்கள் தேர்ந்தெடுத்து வெளியிட்டமையாலேயே மதிப்புப் பெற்றன. இன்று வேண்டும் அளவுக்கே அச்சிடும் வசதி வந்துள்ளமையால் சிறு பதிப்பகங்களின் இடர் குறைந்துள்ளது. இருப்பினும் நல்ல பதிப்பாசிரியர் பார்வையிடாத நூல், காய்ச்சாத பாலைப் போன்றது, நெடுநாள் நில்லாது. பன்னாட்டுத் தர நூல் எண்ணை நம் நாட்டில் அரசு நிறுவனம் கட்டணமின்றியே வழங்குகிறது. அதற்கெனப் பணம் கேட்போரிடம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நம் மண்ணின் எழுத்து

இத்துணையும் கூறியது எதற்கு? ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் அவதரித்த தலமாக நெடுங்காலம் அறியப்பட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இப்பகுதியின் முகம் மாறியது. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. விளைநிலம் விற்றவர், ஷிப்டு முடிந்து விடியலில் கம்பெனி பஸ்ஸில் உறங்கிக்கொண்டே வருபவர், தென்மாவட்டத்திலிருந்து வந்து பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலைத் தம் வீடாகக் கொண்ட பெண், ஆலை மூடியபின் ஊர் திரும்பியவர் எனக் கதை மாந்தர் நம் கண்முன்னே நடமாடுகின்றனர்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' வாய்த்தது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்க்கு டி. செல்வராஜின் 'தோல்' வாய்த்து, 2012ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. இந்த நெடுஞ்சாலையின் இருமருங்கும் வாழ்வோரைப் பற்றி எழுதப்பட வேண்டுவன மிகப்பல. அவற்றை உள்ளிருந்து எழுதத் தக்கவர் அவ்வீடுகளிலிருந்து வரும் மாணவரே. நாளிதழ் வேலைநிறுத்தத்தை எழுதும். அறிக்கை உற்பத்தியை எழுதும். இரவு ஷிப்டுக்குச் செல்லும் மகளுக்குச் சோறு கட்டும் தாயின் மௌனத்தைச் சிறுகதையே எழுத இயலும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: பணிபுரியும் இடம்பற்றி எழுதுங்கால், ஆட்பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றி, உடன் உழைப்போர்க்கு ஊறு நேராமல் எழுதுக.

முடிவுரை

அவையறியாது அனுப்பிய நல்ல கவிதை வீணாகத் திரும்பும். அவைக்கு அஞ்சி நோட்டிலேயே மடிந்த கவிதையோ திரும்பவும் வாராது. முன்னதற்கு மருந்து உண்டு. பின்னதற்கு இல்லை. ஆதலின் மாணவச் செல்வங்களே, இம்மாதமே நம் நூலகத்திற்குச் சென்று இலக்கிய இதழ் ஒன்றின் மூன்று வெளியீடுகளைப் படியுங்கள். உங்கள் எழுத்துள் சிறந்த ஒன்றைப் பிழை நீக்கித் துறை ஆசிரியரிடம் காட்டுங்கள். பின்னர் அனுப்புங்கள்.