பட்டணத்து எருவை வயலில் போடலாமா?

மயிலாப்பூர்ச் சமையற்கட்டில் கழிக்கிற கீரைத்தண்டும் பழத்தோலும் நம்ம வயலின் சத்துதானே? அது நமக்குத் திரும்பி வராம, தென்சென்னைக் குப்பையோட பெருங்குடிக்குப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துல குவிஞ்சதுதான் பல வருசக் கதை.

1989இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா ஒரு வழி காட்டியது. தெருக்காரர்களே சங்கமாகச் சேர்ந்து, மாதாமாதம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தினார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு அதில் வேலை கிடைத்தது.

ஆனால் தரம்பிரிப்பது வீட்டிலேயே நடக்கணும். 2016 திடக்கழிவு விதிகளும் அதைத்தான் கூறின. கலந்தபின் சலிச்சா பிளாஸ்டிக் போகும். பேட்டரியிலிருந்து இறங்கிய ஈயமும் காட்மியமும் போகாது.

சும்மா கிடைக்குதேன்னு நான் ஒருதடவை ஒரு டிராக்டர் நகர எரு அடிச்சேன். இன்னைக்கும் நடவுக்கு வர்றவங்க காலில் கண்ணாடிச் சில்லு குத்துது.

எரு வாங்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்கள். மண்வாசம் வரணும். புளிச்ச வாடையோ சூடோ இருந்தா இன்னும் மட்கலை. போட்டால் நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஆய்வறிக்கையும் கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமும், காட்மியம் 5 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. முளைப்பையும் பார்த்துடலாம்: பாதி மண், பாதி எரு கலந்த தொட்டியில் தட்டைப்பயறு ஊன்றுங்கள். பக்கத்திலேயே வெறும் மண்ணிலும் அதே அளவு. ஒரு வாரத்தில் எருத்தொட்டி பின்தங்கினால் லோடு வேண்டாம்னு சொல்லிடுங்க.