சைக்கிள்ல ஏற்காடு ஏறப் போறீங்களா? முதல்ல வெப்பக் கணக்கைப் போடுங்க

செமஸ்டர் முடியும். மே மாசம் வரும். ரைடிங் குரூப்பில் யாராவது ஒருத்தர் "மச்சி, சைக்கிள்ல ஏற்காடு ஏறலாமா?" என்று ஆரம்பிப்பார். தாம்பரம், செம்பாக்கம், வண்டலூர் பக்கம் இருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் 60 கி.மீ. ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மலைப்பாதை மொத்தமே 20 கி.மீ. சொச்சம்தானே?

தூரத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஈ.சி.ஆர். உங்களுக்குச் சொல்லித் தராத ஒரு பாடம் மலையில் இருக்கிறது. கோடைகாலத்தில் நீண்ட ஏற்றத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கால்வலி இல்லை. உடம்புக்குள் சேரும் வெப்பம். தெர்மோடைனமிக்ஸ் படித்தவர்கள்தானே நாம்? கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

மலை எவ்வளவு?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இடையில் கொஞ்சம் தட்டையாகவும் கொஞ்சம் செங்குத்தாகவும் இருக்கும். கணக்குக்காகச் சரிவு 6% என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் மேலே ஏறுகிறீர்கள்.

ஆள் 65 கிலோ, சைக்கிள் 10 கிலோ, தண்ணீர், பஞ்சர் கிட் எல்லாம் சேர்த்து 3 கிலோ. மொத்தம் 78 கிலோ. வேகம் மணிக்கு 10 கி.மீ.

புவியீர்ப்பை எதிர்த்து ஏறுவதற்குத் தேவையான பவர் = எடை × 9.8 × சரிவு × வேகம். அதாவது 78 × 9.8 × 0.06 × 2.78, சுமார் 127 வாட். டயர் உராய்வு, காற்றுத் தடை, செயினில் போகிற நஷ்டம் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 150 வாட். கொஞ்ச நாள் பழகிய எந்த மாணவராலும் இதைத் தர முடியும்.

மீதி எங்கே போகுது?

மனித உடம்பு ஒரு இன்ஜின் என்றால் அதன் எஃபிஷியன்ஸி 22, 23 சதவீதம்தான். பெடலில் 150 வாட் வர வேண்டுமென்றால் உடம்பு சுமார் 650 வாட் எரிக்க வேண்டும். மீதி 500 வாட் முழுக்க வெப்பம். ஒரு சின்ன அயர்ன் பாக்ஸை வயிற்றுக்குள் ஆன் பண்ணி வைத்த மாதிரி.

இப்போது முக்கியமான இடம். அதே 150 வாட்டை ஈ.சி.ஆரில் போட்டால் காற்றில்லாத நாளில் மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகம் வரும். உடம்பில் உண்டாகும் வெப்பம் அங்கேயும் அதே 500 வாட்தான். ஆனால் 28 கி.மீ. வேகத்தில் காற்று உங்கள் மேல் அடிக்கிறது. மலையில் வெறும் 10 கி.மீ. பின்னாலிருந்து லேசாகக் காற்று வீசினால் அதுவும் போச்சு. நீங்கள் நின்ற காற்றுக்குள் ஏறிக்கொண்டிருப்பீர்கள். உழைப்பு அதே, ஃபேன் மட்டும் ஆஃப்.

வெளியே 36 டிகிரி வந்துவிட்டால் தோலை விடக் காற்றுதான் சூடு. அப்போது காற்றால் நேரடியாக வெப்பம் வெளியே போகாது. ஒரே வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2.4 மெகாஜூல் வெளியே போகும். 500 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 மெகாஜூல். ஆக, ஒரு சொட்டுகூடக் கீழே விழாமல் எல்லாமே ஆவியானாலும் மணிக்கு முக்கால் லிட்டர் வேண்டும். சொட்டி விழுவதையும் வெயில் மேலே ஏற்றுவதையும் சேர்த்தால் ஒரு லிட்டரைத் தாண்டும்.

வேகமா ஏறினா சீக்கிரம் முடிஞ்சிடாதா?

"சட்டுனு ஏறிட்டா வெயிலுக்கு முன்னாடி போயிடலாம்ல" என்று தோன்றும். 10 கி.மீ. வேகத்துக்குப் பதில் 14 கி.மீ. வேகத்தில் ஏற 220 வாட் வேண்டும். வெப்பம் 500-லிருந்து சுமார் 740 வாட்டுக்குப் போகும். நேரம் மிச்சம் ஆவது 35 நிமிஷம். ஆனால் அந்த 740 வாட்டை உடம்பால் வெளியே தள்ள முடியாவிட்டால், மேலே போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே உள்வெப்பம் எல்லை மீறும்.

வெப்பம் கூடும்போது ரத்தம் தசைக்கும் போக வேண்டும், தோலுக்கும் போக வேண்டும். வியர்வையால் ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதனால் அதே வேகத்தில் போனாலும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். "அப்போ இருந்த அதே ஸ்பீடுதான், ஏன் இப்போ மூச்சு வாங்குது?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இன்னொன்று. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலத்தில் 36 என்றால் ஏற்காட்டில் 28 பக்கம். அதாவது மலையின் சூடான பகுதி அடிவாரம். கால் ஃப்ரெஷ்ஷாக இருப்பதும் அங்கேதான், எல்லாரும் முறுக்குவதும் அங்கேதான். முதல் ஏழு கி.மீ.யை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். பவர் மீட்டர் வாங்கக் காசில்லை என்றால் கவலை வேண்டாம். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா? அப்படியென்றால் வேகம் சரி.

உலகமே கவனித்த ஒரு மரணம்

பிரான்ஸில் மோன் வான்டூ என்று ஒரு மலை. பெதுவான் ஊரிலிருந்து உச்சிக்குச் சுமார் 21 கி.மீ.; தூரத்தில் ஏறத்தாழ நம் ஏற்காடு மாதிரி, ஆனால் சரிவு கூட. மேல் பகுதியில் மரமே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் உச்சியை நெருங்கும்போது விழுந்து இறந்தார். அவர் 1965-இன் உலகச் சாம்பியன். கடும் வெயில், உடம்பில் ஆம்ஃபெட்டமின் ஊக்கமருந்து, மது எல்லாம் சேர்ந்து அவரைக் கொன்றன. "நிறுத்து" என்று உடம்பு சொல்வதை அந்த மருந்து மறைத்துவிட்டது.

நமக்கு மருந்து வேண்டாம். குரூப்பில் பின்தங்கக் கூடாது என்ற வீம்பே அந்த வேலையைச் செய்துவிடும்.

தாம்பரத்திலேயே தயாராகலாம்

மே மாசத் தாம்பரத்தில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சட்டையை நனைத்துச் சொட்டும். அதனால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். சேலம் பக்கம் காற்று காய்ந்தது. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகும். சட்டை காய்ந்தே இருப்பதால் "எனக்கு வியர்க்கவே இல்ல" என்று நினைத்துத் தண்ணீரை விட்டுவிடுவீர்கள். சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்தால்தான் உண்மை புரியும்.

அதனால் உங்கள் வியர்வைக் கணக்கை முன்னாலேயே எடுத்து வையுங்கள். எடை பாருங்கள். வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வந்து துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 65.0 கிலோ 64.4 ஆகியிருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால் வியர்வை மணிக்கு 1.1 லிட்டர். இரண்டு மணி நேர ஏற்றத்துக்கு 2.2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டையும் காலி செய்தால் பற்றாக்குறை 0.7 லிட்டர். உடல் எடையில் 2 சதவீதத்துக்குள், அதாவது 1.3 லிட்டருக்குள், இருப்பதால் சமாளிக்கலாம். ஒரே பாட்டிலோடு போனால் எல்லையைத் தாண்டிவிடும்.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்து. ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரையே ஊற்றுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி. மேலே போனபிறகு உப்பு போட்ட நீர்மோர் பிரமாதம். சாப்பிட வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும்.

உயரப் பயிற்சிக்கு நம் பக்கம் இருப்பது பரங்கிமலை. சுமார் 300 அடி. உயரக் கணக்கில் ஒரு ஏற்காட்டுக்கு 13 பரங்கிமலை! கியர் பழக அது உதவும். கடல்காற்றை எதிர்த்து ஓட்டுவதும் காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் வெப்பத்துக்கு இல்லை, ஏனென்றால் எதிர்காற்று உங்களைக் குளிர வைக்கிறது. வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள், தினமும் ஒரு மணி நேரம் சூட்டில் மெதுவாக ஓட்ட வேண்டும். வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். தனியாகச் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஒருத்தர் இருக்கட்டும்.

கியர்

முன்னால் 34, பின்னால் 28 பல் என்றால் ஒரு பெடல் சுற்றுக்கு சைக்கிள் சுமார் 2.55 மீட்டர் போகும். 10 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு 65 சுற்று, பரவாயில்லை. 9% சரிவு வந்தால் அதே 150 வாட்டில் வேகம் 7 கி.மீ.; சுற்று 46 ஆகிவிடும். முட்டி கதறும். பின்னால் 32 அல்லது 34 பல் கேசட் போட்டுக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் இல்லை.

இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நாம் உள்பக்கம் ஓட்டுவோம். அங்கே சரிவு கூடுதல். அதைத் தவிர்க்க நடு ரோட்டுக்குப் போகாதீர்கள். பஸ் திரும்ப முழு வளைவும் வேண்டும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள்.

கிளம்பும் நேரமும் நிறுத்தும் நேரமும்

முந்தின நாளே சேலம் போய்த் தூங்குங்கள். காலை 6 மணிக்கு அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் 8, 8.30-க்குள் மேலே. கிளம்புவதற்கு முன் அரை லிட்டர் குடியுங்கள். வழியில் தலையிலும் கழுத்திலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த காற்றில் அது நன்றாக வேலை செய்யும்.

தலைவலி, குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது: இதில் ஒன்று வந்தாலும் இறங்கி நிழலில் உட்காருங்கள். நண்பர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் ஆக இருக்கலாம். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். உடனே 108-க்கு போன். ஆம்புலன்ஸ் வரும்வரை கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

இறங்கும்போதும் ஒரு வெப்பக் கணக்கு உண்டு. 78 கிலோ, 1,200 மீட்டர்: சுமார் 900 கிலோஜூல். காற்று தின்றது போக மீதியெல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். ரிம் பிரேக் என்றால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு விடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் நின்று ஆறவிடுங்கள்.

யார் முதலில் மேலே போனார் என்பது அடுத்த செமஸ்டரில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கிளம்பும் முன் குரூப்பில் ஒன்று பேசி முடிவு பண்ணுங்கள்: யாராவது "முடியலடா" என்றால் கிண்டல் கிடையாது, எல்லாரும் நிற்கணும். கணக்கில் வராத ஒரே விஷயம் அதுதான். மலையில் முதலில் உதவுவதும் அதுதான்.