படுத்துவிட்ட மடிக்கணினியை எழுப்ப...

2020 மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மலாக்காவின் ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் வட்டாரத்தில் தாமான் வீடு, தோட்டத்து லயத்து வீடு என்று பாராமல் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்துக்காக அவசர அவசரமாக மடிக்கணினி வாங்கினார்கள். அவற்றில் பல இன்று திறக்கவே பத்து நிமிடம் எடுக்கின்றன. புதியது வாங்க ஆயிரம் வெள்ளிக்கு மேல் எடுத்து வைப்பதற்கு முன், பழையதைச் சுத்தமாகத் துடைத்து இயங்குதளத்தை மறுபடி நிறுவிப் பாருங்கள். அதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. முதலில் எங்கே அடைப்பு என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே ‘டிஸ்க்’ என்ற இடம் 100 விழுக்காட்டிலேயே நின்றால் தட்டுதான் தடை. ‘மெமரி’ எப்போதும் 90ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் ரேம் போதவில்லை. விசிறி இரைந்து அடிப்பகுதி சுடுகிறது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கும். அதை இயங்குதளம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. திறந்து துடைக்க வேண்டும். பேட்டரி வீங்கியிருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள், அதை முதலில் மாற்றுங்கள்.

2. சுழலும் பழைய வன்தட்டு உள்ள மடிக்கணினி என்றால், மறுநிறுவல் மட்டும் போதாது. அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டு, அதில் புதிதாக நிறுவுங்கள். வன்தட்டுக்குள் ஒரு முள் ஓடி ஓடித் தகவலைத் தேட வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பே கிடையாது. ஒரே ஒரு செலவுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், பெரும்பாலான பழைய மடிக்கணினிகளுக்கு நான் ரேமைவிட எஸ்.எஸ்.டி.யையே சொல்வேன். ரேம் 4 ஜி.பி.க்கும் குறைவு என்றால் மட்டும் இரண்டும் வேண்டும். வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை வந்தால் அது சாகப்போகிறது. மற்ற வேலையை விட்டுவிட்டுக் கோப்புகளை உடனே வெளியே எடுங்கள்.

3. எதை நிறுவுவது என்று முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புக்குப் பதிந்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 சில்லு. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இவை இல்லாத கணினிக்கு லினக்ஸ் மின்ட் இயங்குதளம் நல்ல வழி. அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற பதிப்பு இலகுவானது, விலையும் இல்லை. கூகுள் கிளாஸ்ரூம், கல்வி அமைச்சின் டெலிமா தளம் எல்லாம் உலாவியில்தான் திறப்பதால் பள்ளிப் பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள்.

4. கோப்புகளைக் காப்பாற்றுவதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். நிறுவல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அழிந்துபோன கல்யாணப் படம் திரும்பி வராது. டாக்குமெண்ட்ஸ் உறையை மட்டும் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் பாதிக் கோப்பு டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் கிடக்கும். வெளித்தட்டில் எடுத்த நகலை வேறொரு கணினியில் செருகி, பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்த பிறகே அழிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

5. பழைய தமிழ் எழுத்துருக்களை மறக்கவே மறக்காதீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோவில் நிர்வாகத்தினர், இயக்கச் செயலாளர்கள் வீட்டுக் கணினிகளில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து, யூனிகோடு பரவும் வரை, நம் ஊர்க் கணினிகளில் தமிழ் பல குறியாக்கங்களில் எழுதப்பட்டது. டிஸ்கி, பாமினி போன்றவற்றில் தட்டிய தேர்வுத் தாளும் திருவிழா அழைப்பிதழும் சங்கக் கூட்டக் குறிப்பும் அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரைதான் தமிழாகத் தெரியும். துடைத்து நிறுவியதும் எழுத்துரு போய்விடும். மறுநாள் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தும் விடுவார்கள்.

தடுப்பது எளிது. கண்ட்ரோல் பேனலில் ‘ஃபாண்ட்ஸ்’ உறையைத் திறந்து, தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் பெண்டிரைவுக்கு நகலெடுங்கள். முக்கியமான கோப்புகளைப் பழைய கணினியிலேயே திறந்து பி.டி.எஃப். ஆகவும் ஒரு படி சேமியுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துகொள்ளும். நேரம் கிடைக்கும்போது இலவச எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தோட்டங்கள் மூடிக்கொண்டே போகும் காலத்தில், ஒரு தோட்டத்துக் கோவிலின் ஐம்பது ஆண்டுக் கணக்கு சில வேளை ஒரே ஒரு கணினியில்தான் இருக்கும்.

6. கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். மின்னஞ்சல், பிள்ளையின் டெலிமா அடையாளம், வீட்டு வைஃபை மூன்றும் கட்டாயம். தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய தட்டைப் பின்னர் படிக்க அது வேண்டும்.

7. நிறுவல் பெண்டிரைவை நன்றாக ஓடும் வேறொரு கணினியில் தயாரியுங்கள். விண்டோஸுக்கு 8 ஜி.பி. பெண்டிரைவும் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும் கருவியும் போதும். மின்ட் என்றால் அதன் தளத்திலிருந்து கோப்பை இறக்கி ரூஃபஸ் என்ற கருவி மூலம் பதியுங்கள். பெண்டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துபோகும்.

8. நிறுவி முடித்ததும் வைஃபை வேலை செய்யாமல் போகலாம். தயாரிப்பாளர் தளத்திலிருந்து அதற்கான டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அதுவும் முடியவில்லையா? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. வயரால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிருங்கள்.

9. காலையில் தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் நம் பக்கம் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி செத்த மடிக்கணினியில் பாதி நிறுவலில் மின்சாரம் போனால் வேலை முழுதும் மறுபடி.

10. பெண்டிரைவைச் செருகிக் கணினியைத் திறக்கும்போதே தொடக்கப் பட்டியலுக்கான விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசுஸில் பெரும்பாலும் எஸ்கேப். மின்டை நிறுவாமலே பெண்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒலி, வைஃபை, கேமரா மூன்றும் சரியென்றால் நிறுவுங்கள். விண்டோஸில் ‘கஸ்டம்’ என்ற தேர்வு வந்தால் அதைத் தேர்ந்து, அந்தத் தட்டின் பழைய பிரிவுகளை எல்லாம் நீக்கிவிட்டு வெற்றிடத்தில் நிறுவ வேண்டும். அதற்கு முன் வெளித்தட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், கை தவறி அதையும் துடைத்துவிடக்கூடாது. சாவி எண் கேட்டால் கலங்க வேண்டாம். இதே கணினியில் உரிமத்தோடு ஓடிய விண்டோஸ் என்றால், ‘இல்லை’ என்று சொல்லித் தாண்டிப் போனாலும் இணையம் கிடைத்ததும் தானே செயல்படும்.

11. முதல் நாள் கொஞ்சம் மந்தமாக இருக்கும்; திருத்தங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். ஓடி முடியட்டும். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, வேறு வைரஸ் தடுப்பு வேண்டாம். தமிழுக்கு, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். திருட்டு ஆபீஸ் போடாதீர்கள். அதோடு ஒட்டி வருவது பல வேளைகளில் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நிரல். லிப்ரே ஆபீஸ் இலவசம்.

12. கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மூன்றை முன்கூட்டியே கேளுங்கள்: என் கோப்புகளை யார் நகலெடுப்பது, என் சொந்த உரிமத்திலேயே நிறுவுவீர்களா, பழைய தட்டை என்னிடமே தருவீர்களா? ‘ஃபார்மட் பண்ணிட்டேன் அண்ணே’ என்று சொன்ன பிறகு கேட்டுப் பயனில்லை. மெர்லிமாவ் பொலிதெக்னிக்கில் மின்னியல் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம்.

13. கழற்றிய தட்டு நல்ல நிலையில் இருந்தால் ஒரு யு.எஸ்.பி. கேசிங் வாங்கிப் போட்டுக் காப்புத் தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுவிட்டதென்றால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு மலேசியச் சட்டப்படி எஸ்.டபிள்யூ. 110 என்ற அட்டவணைக் கழிவு, அதை ஏற்கும் சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும்.

14. வீட்டில் இரண்டு மடிக்கணினி இருந்து ஒன்று சும்மா கிடந்தால், உங்கள் கோப்பு எதுவும் மிஞ்சாமல் துடைத்து, மின்ட் நிறுவி, பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கணினி இல்லாத பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியும். அடுத்த பள்ளி விடுமுறையிலேயே செய்து கொடுத்துவிடுங்கள்.