சுடுநீர்க் குளியலுக்கு எவ்வளவு செலவாகிறது?

"டீச்சர், ஹீட்டர் போட்டால் மின்கட்டணம் ஏறிவிடும் என்று எங்கள் பாட்டி அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சுகிறார். போன வாரம் பானையோடு வழுக்கி விழப் பார்த்தார்." நான்காம் படிவ மாணவி ஒருத்தி வகுப்பில் இப்படிச் சொன்னாள். பாட்டியின் பயம் சரிதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு வெப்பம் தேவை?

ஒருவர் குளிக்க 20 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நிறை 20 கிலோகிராம். குழாய் நீர் 27 பாகை செல்சியஸ். நமக்கு வேண்டியது 39 பாகை. அப்படியானால் வெப்பநிலை 12 பாகை உயர வேண்டும். 1 கிலோ நீரை 1 பாகை சூடாக்க 4,200 ஜூல் தேவை. இதுவே நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன்.

20 × 4,200 × 12 = 1,008,000 ஜூல்

ஒரு யூனிட் மின்சாரம், அதாவது 1 கிலோவாட் மணி, 3,600,000 ஜூலுக்குச் சமம். ஆகவே ஒரு குளியலுக்கு 0.28 யூனிட் போதும்.

மின் ஹீட்டர்

ஹீட்டரின் மேல் '3,600 வாட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். வாட் என்பது ஆற்றலைச் செலவிடும் வேகம். கட்டணத்தை முடிவு செய்வது வேகம் மட்டுமல்ல, நேரமும்தான். இந்த ஹீட்டர் நம் குளியலுக்கு 280 விநாடி, அதாவது ஐந்து நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடும். 70 வாட் மின்விசிறி நான்கு மணி நேரம் சுழன்றாலும் இதே 0.28 யூனிட்தான்!

ஒரு யூனிட் 40 சென் என்று கொண்டால் ஒரு குளியலுக்கு 11.2 சென். நான்கு பேர் தினமும் ஒரு முறை குளித்தால் மாதம் 13 ரிங்கிட் 44 சென்.

எரிவாயு அடுப்பு

மானிய விலையில் 14 கிலோ எரிவாயு 26 ரிங்கிட் 60 சென். கிலோ 1 ரிங்கிட் 90 சென். 1 கிலோ எரிந்தால் ஏறத்தாழ 46 மில்லியன் ஜூல் கிடைக்கும். ஆனால், தீயின் வெப்பம் முழுவதும் பானைக்குள் போவதில்லை. பாதி காற்றோடு போகிறது என்று கொண்டால், ஒரு குளியலுக்கு 44 கிராம் எரிவாயு, 8.3 சென். மாதத்திற்கு ஏறக்குறைய 10 ரிங்கிட்.

ஆக, பாட்டி சொன்னது ஓரளவு சரிதான். அடுப்பு மலிவு. ஆனால், மொத்தக் குடும்பத்திற்கும் மிச்சமாவது மாதம் மூன்றரை ரிங்கிட் மட்டுமே. அதற்காக ஒவ்வொரு குளியலுக்கும் 3.3 லிட்டர் கொதிநீரை ஈரத் தரையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கை தவறினால் என்ன ஆகும் என்பதை எந்தக் கட்டண ரசீதும் காட்டாது.

சூரிய ஹீட்டரும் தொட்டி ஹீட்டரும்

சூரிய வெப்பத்திற்குக் கட்டணமில்லை. ஆனால், கருவி 5,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மிச்சமாகும் 161 ரிங்கிட்டைக் கொண்டு முதலை மீட்க 31 ஆண்டுகள் ஆகும். பலர் தங்கும் விடுதிக்கு இது விரைவில் பலன் தரும்; சிறு குடும்பத்திற்கு யோசிக்க வேண்டும்.

தொட்டி ஹீட்டர் உள்ளவர்கள் கவனிக்க: நாள் முழுதும் சுவிட்சை அணைக்காமல் விட்டால், யாரும் குளிக்காதபோதும் வெப்பம் கசியும். நாளொன்றுக்கு 1 யூனிட் கசிந்தால் மாதம் 12 ரிங்கிட் வீண். குளியல் செலவே கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும்.

மின் ஹீட்டரை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே பொருத்துங்கள். மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து, 40 சென்னுக்குப் பதிலாக அதிலுள்ள விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். விடையைப் பாட்டியிடம் காட்டுங்கள். முடிவை அவரே எடுக்கட்டும்.