பெஞ்ச் பிரஸ்: படுப்பதற்கு முன்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

சென்ற ஆண்டு, உடல் சூடேறுமுன்பே 70 கிலோவைத் தூக்க முயன்று வலத்தோளைக் கெடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் ராடைத் தொடவில்லை. மூட்டை சுமக்கும் என் தந்தையோ முதல் மூட்டைக்கு முன் தோள்களைச் சுழற்றிக்கொள்ளத் தவறுவதில்லை. அதைக் கேலி செய்தவன் நான்!

இப்போது வெறும் ராடில் (20 கிலோ) 10 முறை, 40இல் 5, 55இல் 3, 65இல் 1. அதன் பின்னரே 70. எடை ஏற ஏற எண்ணிக்கை குறையவேண்டும். இல்லையேல் களைப்புத்தான் மிஞ்சும்.

பாதங்களைத் தரையில் ஊன்றித் தோள்பட்டைகளைப் பின்னிழுத்துப் பலகையில் அழுத்துக. முழங்கைகளை அகல விரித்தால் தோள்மூட்டு நெருக்குண்ணும். மணிக்கட்டு பின்மடிந்தால் பாரம் முன்கையின் நேர்கோட்டை விட்டு விலகும். வகுப்பில் படித்த திருப்புத்திறன் அங்கே வேலை செய்துவிடும்! வலுதூக்கும் போட்டியில் ராடு மார்பில் அசைவற்று நின்று, நடுவர் ‘பிரஸ்’ என்ற பின்னரே எழவேண்டும். தலைமாட்டில் தோழர் ஒருவர் நிற்கட்டும்.