பத்து வளைவுக்கு ஒரு சந்திப்பு

மலைச் சவாரி ஏற்றத்தில் தொடங்கும் என்பார்கள். அதியமான்கோட்டையிலிருந்து கிளம்பினால் இறக்கத்தில்தான் தொடங்கும். நம்மூர் இருப்பது மேட்டுநிலம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலம் பக்கம் திரும்பி, பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் தொப்பூர் கணவாய். கொல்லிமலைக்குப் போகிற நானும் நண்பனும் முதல் பாடத்தை இங்கேயே படித்துவிடுவோம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி, பிரேக் சூடேறி நிற்காமல் போவது இந்த இறக்கத்தின் பழைய கதை. இரட்டைப் பாலத்து விபத்துகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

அதனால் தொப்பூரில் எங்கள் கண் பாதி நேரம் பக்கக் கண்ணாடியில்தான் இருக்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒருபோதும் மாட்டிக்கொள்வதில்லை. பின்னால் ஹாரன் விடாமல் அலறினால் யார், என்ன என்று திரும்பிப் பார்க்காமல் இடது ஓரத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். தேய்பிறை அஷ்டமியன்று கிளம்பாமல் இருப்பதும் நல்லது. நம்மூர்க் காலபைரவர் கோயில் கூட்டத்தில் ஊரைத் தாண்டவே வெயில் ஏறிவிடும்.

அதியமானும் ஓரியும் கடையெழு வள்ளல்களில் இருவர். ஒருவர் கோட்டையிலிருந்து இன்னொருவர் மலைக்குப் போகிறோம் என்பது நண்பனுக்குப் பெரிய பெருமை. அந்த ஓரியைக் கொன்ற காரியின் திருக்கோவலூரை வென்றவர் நம்ம அதியமான் என்று அவனே கணக்கும் தீர்த்துவைப்பான். ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் வரும்வரை இந்தப் பேச்சு ஓடும். அங்கே பேச்சு நிற்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு உலகெங்கிலுமிருந்து பைக்கர்கள் போகிறார்கள். 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண். உயரத்தில் நம் கொல்லி அதில் பாதிகூட இல்லை. வளைவுக் கணக்கில் நாம்தான் முன்னே. இங்கும் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வண்டியில் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

காரணம், மலையில் சேர்ந்து போவது என்றால் ஒட்டிக்கொண்டு போவதில்லை. நண்பனுடையது புல்லட், என்னுடையது ஸ்ப்ளெண்டர். அவன் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போகிற இடத்தில் நான் இரண்டாவதில் முனகிக்கொண்டிருப்பேன். அவன் வேகத்தை நான் பிடிக்கப் பார்த்தாலும் ஆபத்து. எனக்காக அவன் வளைவு நடுவில் வேகம் குறைத்தாலும் ஆபத்து. ஆகவே பத்து வளைவுக்கு ஒரு சந்திப்பு என்று வைத்திருக்கிறோம். அந்த எண்ணைத் தாண்டி, சாலை நேராகி, ஓரத்தில் இடம் இருக்கிற இடத்தில் முன்னே போனவர் நிற்க வேண்டும். வளைவிலேயே நிற்கக் கூடாது. கால் மணி நேரமாகியும் மற்றவர் வரவில்லை என்றால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். போனில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம், பல திருப்பங்களில் சிக்னல் இருக்காது. நெடுஞ்சாலையில் இதற்கு நேர்மாறு: சின்ன வண்டிதான் முன்னால். பெரிய வண்டிக்காரன் பின்னால் வந்தால், யாரும் யாரையும் தேட வேண்டியிருக்காது.

ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் சோதிக்கும். நாம் உள்வட்டத்தில் இருப்போம். அங்கே சாலை செங்குத்தாகத் தூக்கும். பாதி திரும்பிய பிறகு கியர் குறைக்க நினைத்தால் இன்ஜின் அணைந்து வண்டி சாயும். திரும்புவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், தேவைப்பட்டால் முதல் கியர் வரைக்கும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. சாலை எங்கே போய் முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

வலப்பக்க வளைவு அகலமாக, சுலபமாகத் தெரியும். ஏமாற்றுவதும் அதுதான். மேலிருந்து இறங்கும் பேருந்துக்கு அது உள்வட்டம். ஒரே வீச்சில் திரும்ப இடம் போதாது. மூக்கை நம் பக்கம் முழுக்க நீட்டித்தான் அது திரும்பும். ஹாரன் கேட்டாலோ, மேல் சாலையில் பேருந்தின் கூரை தெரிந்தாலோ, வளைவுக்குப் பத்தடி முன்பே ஓரம் கட்டி நில்லுங்கள். குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதே விதி. விதி நம் பக்கம்தான். ஆனால் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லிப் பயனில்லை.

இறங்குவதுதான் முழுத் தேர்வு. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று லாரிக்காரர்கள் சொல்வது பைக்குக்கும் பொருந்தும். இன்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். காலைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, கருகல் வாடை வரும். மிதி எவ்வளவு போனாலும் பிடி இருக்காது. வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பதும் கூடாது. வளைவில் மழை கொண்டுவந்த மணலும் சில்வர் ஓக் சருகும் கிடக்கும், முன்சக்கரம் சட்டென்று வழுக்கிவிடும். ஸ்கூட்டரில் வருபவர்களுக்கு இன்ஜின் பிடிப்பு குறைவு. அவர்கள் சந்திப்பு நிறுத்தங்களை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். செயின், பிரேக், டயர் காற்று மூன்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஆடி 18-ஐ ஒட்டி மேலே வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க வேண்டுமானால் போங்கள், வளைவுகளில் நிம்மதியாக ஓட்ட வேண்டுமானால் வேறு நாள் பாருங்கள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏற ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அதை முடித்த கையோடு வண்டியில் உட்கார்ந்தால், பிரேக் மிதிக்க வேண்டிய கால் நடுங்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம்.

சோளக்காடு சந்தையில்தான் எங்களுக்குள் சண்டை வரும். மிளகும் காபிக்கொட்டையும் பைக்குள் அடங்கிவிடும். நண்பனுக்குப் பலாப்பழம் வேண்டும்.

"முழுப் பழம், மாப்ளே. சீட்டுல வச்சுக் கட்டிக்கலாம்."

பின்சீட்டில் உயரமாக ஒரு கனம் இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது அது நம்மை இன்னும் கொஞ்சம் தள்ளும். கயிறு தளர்ந்தால் இன்னும் மோசம். சொல்லிப் பார்ப்பேன், கேட்க மாட்டான். கடைசியில் கடைக்காரரே பழத்தை அறுத்துச் சுளையாக எடுத்துக் கொடுத்துவிடுவார். அதிலும் ஊர்வரை வருவது கொட்டை மட்டும்தான். சுளையைக் காரவள்ளி இறங்கும் முன், சந்திப்புக்கு ஒன்றிரண்டாக, நாங்களே தீர்த்திருப்போம்.