மூக்கில் ஈயமா, பெரிய இன்ஜினா? எக்ஸெல் பதில் சொல்லும்

கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல் புரோகிராமை வீட்டுச் செலவுக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், என் ரேடியோ கண்ட்ரோல் விமானம் கீழே விழும் வரை.

அது பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் ஆறில் ஒரு பங்கு மாடல். அசல் விமானத்தின் இறக்கை 10.74 மீட்டர் நீளம்; மாடலில் 1.79 மீட்டர். 4 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் போட்டிருந்தேன். தரையை விட்டுக் கிளம்பியதும் மூக்கைத் தூக்கியது. வேகம் குறைந்து ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்தேன். அது பாதி உண்மைதான். வால் பக்கம் கனமாக இருந்தது என்பது மீதி.

ரிப்பேர் செய்து எடை போட்டேன், 2,300 கிராம். இறக்கையின் அடியில் இரு பக்கமும் விரல்களை வைத்துத் தூக்கியபோது, முன் விளிம்பிலிருந்து 10.5 செ.மீ. தூரத்தில் சமமாக நின்றது. இதை எரிபொருள் டேங்க் காலியாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். டேங்க் முன்னால் இருப்பதால், எரிபொருள் தீரத் தீர சமநிலைப் புள்ளி பின்னால் நகரும். இறக்கையின் அகலம் 26.7 செ.மீ. அதில் சுமார் 30 சதவீதம், அதாவது 8 செ.மீ. தூரத்தில் புள்ளி இருந்தால் நல்லது. ஈயத்தால் மட்டும் சரி செய்ய 205 கிராம் வேண்டும். வெட்டிச் சுமை!

எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். பாகம், எடை, தூரம், பெருக்கல் என நான்கு நெட்டு வரிசைகள் அமைத்திடுங்கள். தூரத்தை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பவற்றிற்கு மைனஸ் குறி. நான் கொடுத்தவை இவை: முழு விமானம் 2300, 10.5. அடுத்து, 8.5 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் மாற்றினால் கூடும் எடை 120, -20. ரிசீவர் பேட்டரியை இடம் மாற்றுவதற்கு இரண்டு வரிகள்: பழைய இடத்திற்கு -100, 5, புதிய இடத்திற்கு 100, -15. எடுத்துவிடும் பொருளுக்கு எடையே மைனஸ் என்பதைக் கவனியுங்கள்.

நான்காவது செல்லில் சமக்குறி போட்டு, எடை செல்லில் கிளிக் செய்து, * தட்டி, தூர செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிகளும் நிரம்பிவிடும். எடை, பெருக்கல் இரண்டையும் ஆட்டோசம் மூலம் கூட்டி, பெருக்கல் கூட்டலை எடைக் கூட்டலால் வகுத்திடுங்கள். எனக்கு 8.16 கிடைத்தது. ஈயம் என்று ஒரு வரி சேர்த்து 14, -20 கொடுத்தேன். 8.00!

ஃபோர் ஸ்ட்ரோக் விலை அதிகம்தான். ஆனால் பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்றும். கப் விமானத்திற்கு அந்தச் சத்தமே தனி அழகு. மொத்த எடை 2,434 கிராம். அசல் விமானம் அதிகபட்சமாக 553 கிலோ எடையுடன் பறக்கும். எடை அளவின் மூன்றாம் அடுக்கில் குறையும் என்பதால், 216ஆல் வகுத்தால் 2.56 கிலோ. அதற்குள் அடங்கிவிட்டது. இரண்டாம் முறை மூக்கைத் தூக்காமல் நிதானமாக ஏறியது.

மின் மோட்டார் போடுபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பேட்டரியே கனமான பொருள் என்பதால், பெரும்பாலும் அதன் தூரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தாலே ஈயம் தேவைப்படாது.